கோயில் துணி துவைக்கிறது ஊழியமா, வீட்டு வேலையா?

வெள்ளைத்துணி எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்கே வாசிக்கிறதோடு சரி, இதுவரை எழுதினதில்லை.

எனக்குத் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் ஒரு கிராமம். தேரி மணல், பனை, நடுவில் எங்கள் கோயில் (சர்ச்சைத்தான் இங்கே கோயில் என்போம்). பிழைப்புக்குத் தையல். கோயிலில் என் பொறுப்பு இதுதான்: பீடத்து விரிப்பு, நற்கருணை (அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற ஆராதனை) மேசைத் துணிகள், ஐயரவர்களின், அதாவது போதகரின் வெள்ளை அங்கி எல்லாவற்றையும் சனிக்கிழமைக்குள் துவைத்து இஸ்திரி போட்டு வைக்க வேண்டும். நற்கருணை ஆராதனை முடிந்ததும் பாத்திரங்களைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு எங்கள் சபையில் ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் என்று மாற்றிவிட்டார்கள். முன்னே ஒரு பாத்திரம் கழுவின இடத்தில் இப்போது தட்டுத் தட்டாகக் கிண்ணம். ஒவ்வொன்றிலும் சுண்டுவிரலைவிட்டுத் துடைத்தால்தான் அடியில் பிசுக்கு போகும்.

இந்த வேலையிலும் சூட்சுமம் உண்டு. திராட்சரசம் சிந்தின துணியில் எடுத்த எடுப்பில் சோப்பைப் போட்டால் கறை நீலமாகத் திரும்பிவிடும். முதலில் வெறும் தண்ணீரில் அலசி, எலுமிச்சம்பழம் தேய்த்துக் கொஞ்ச நேரம் வைத்து, அப்புறம்தான் சோப்பு. என் மாமியார் சொல்லிக்கொடுத்தது. அவர்கள் கண் தெரியாமல் போகும்வரை இந்தத் துணிகளை அவர்கள்தான் பார்த்தார்கள். சாவியை என் கையில் கொடுத்தபோது ஜெபம் ஒன்றும் பண்ணவில்லை, "பூட்டு கொஞ்சம் இறுக்கமா இருக்கும், அமுக்கித் திருப்பு" என்றார்கள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த அபிஷேகம்.

போன மாதம் சேகரத்தில் (பக்கத்துச் சபைகள் சேர்ந்த வட்டாரம்) கன்வென்ஷன் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் நன்றாகத்தான் பேசினார். கடைசி நாள் மட்டும், "கர்த்தருக்காக ஏதாவது செய்கிறீர்களா, இல்லை கோயில் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டு இருக்கிறீர்களா?" என்று கேட்டார். நான் நிஜமாகவே பெஞ்சைத் தேய்க்கிறவள். சிரிப்புதான் வந்தது. அப்புறம் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், பாடகர் குழு, கிராம ஊழியத்துக்குப் போகிறவர்கள், ஜெபக்குழுத் தலைவர்கள் என்று ஒவ்வொரு பிரிவாக எழுந்து நிற்கச் சொல்லி ஜெபித்தார். பக்கத்திலிருந்த அக்கா என் முழங்கையைத் தட்டி "நீயும் எந்திரி" என்றார்கள். எந்தப் பிரிவில் எந்திரிக்க?

பெயர் சொல்லவில்லையே என்ற வருத்தம் இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் கேள்வி வேறு. எனக்குப் பாட வராது. நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். வரம் உள்ளவர்கள் எல்லாரும் அவரவர் வரத்துக்கு ஏற்றதை எடுத்துக்கொண்ட பிறகு, மிச்சம் கிடந்தது என் கைக்கு வந்ததா? மகள் பெங்களூரில் இருக்கிறாள். அவளிடம் இதைச் சொன்னபோது, "மாசம் ஆயிரம் ரூபாய் கொடுத்தா லாண்டரிக்காரங்க செய்வாங்கம்மா, இதுக்குப் பேரு ஊழியமா?" என்றாள். சண்டைக்குக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் பதில் வரவில்லை.

வசனம் மட்டும் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். வசனம் எனக்கும் தெரியும். இந்த மாதிரி வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

---

ஜெபவீரன்77 எழுதியது:

"எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்." கொலோசெயர் 3:23. சோர்ந்துபோகாதிருங்கள் சகோதரி. ஆமென்.

---

அண்டாகிடாரம் எழுதியது:

தம்பி ஜெபவீரா, வசனம் மட்டும் போடாதீர்கள் என்று அந்தம்மா எழுதின மை காயவில்லை, அதற்குள்ளேயா? வசனம் நல்ல வசனம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

தங்கச்சி, நான் எங்கள் ஊர் அசனச் சமையலில் வாலிபத்திலிருந்து நிற்கிறவன். இப்போது முட்டி வலிக்கிறதால் அடுப்புப் பக்கம் விடமாட்டேன் என்கிறார்கள், பாத்திரக் கணக்கு என் தலையில். வெளியூர்க்காரர்கள் வாசித்தால் தெரியவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்: அசனம் என்றால் பண்டிகையில் ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற பந்தி. முந்தின ராத்திரியே கிடா அறுப்பு, கத்தரிக்காய் மூட்டை பிரிப்பு, தேங்காய் துருவல் எல்லாம் தொடங்கிவிடும். விடிந்து பார்த்தால் பனை ஓலைப் பாயில் சோறு மலையாகக் குவிந்து கிடக்கும். ஐயர் வந்து ஜெபம் பண்ணின பிறகுதான் முதல் கரண்டி. கறி வாளியைத் தூக்க ஊரில் இருக்கிற இளவட்டம் பூராவும் போட்டி போடும், போட்டோ வேறு எடுப்பார்கள். எச்சில் இலை எடுக்கிற நேரத்துக்கு ஒருத்தனையும் காணோம், எல்லாருக்கும் போன் வந்துவிடும்.

பந்தி முடிந்த பிறகு அண்டா, வார்ப்பு, வாளி, கரண்டி எல்லாம் கழுவி எண்ணி உள்ளே வைக்கிற வேலை இருக்கிறதே, அதுதான் என் வேலை. ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். அதன் முதல் பக்கத்தில் ஒரு வசனம் எழுதியிருக்கிறேன் (இப்போது நானும் வசனம் போடுகிறேன், மன்னிக்கவும்). 1 நாளாகமம் 9-ம் அதிகாரத்தில், ஆலயத்துப் பணிமுட்டுகளை (பாத்திரம், பண்டம்) ஆலய வேலைக்கென்று இருந்த லேவியரில் சிலர் எண்ணி உள்ளே கொண்டுபோய், எண்ணி வெளியே கொண்டுவந்தார்கள் என்று வருகிறது. ஒருத்தருக்குப் பலகாரம் சுடுகிற வேலை, அவர் பெயரே மத்தித்தியா என்று போட்டிருக்கிறது. வம்ச அட்டவணை என்று நாம் எல்லாரும் தாண்டிப் போகிற அதிகாரம். அதற்குள்ளே ஒரு பாத்திர நோட்டு இருக்கிறது! முதல் தடவை கண்ணில் பட்டபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இனி உங்கள் கேள்வி. மிச்சம் கிடந்த வேலை என் கைக்கு வந்ததா என்று கேட்கிறீர்கள். ஆமா, அப்படித்தான் வந்திருக்கும். அதில் என்ன குறை? அப்போஸ்தலர் 6-ம் அதிகாரத்தை எடுங்கள். கிரேக்க விதவைகளுக்கு அன்றாட விசாரணையில், அதாவது தினம் சாப்பாடு பங்கிடுகிறதில், சரியாகக் கிடைக்கவில்லை என்று முறுமுறுப்பு கிளம்பினது. பந்தியில் ஒரு வரிசை விட்டுப்போனால் எப்படிச் சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்த இடம் நன்றாகப் புரியும். அப்போஸ்தலர் பன்னிரண்டு பேரும் கூடி, வசனத்தை விட்டுவிட்டுப் பந்தி விசாரணை செய்ய எங்களால் ஆகாது என்றார்கள். அவர்களுக்கு நேரமில்லாததால் மிச்சப்பட்ட வேலைக்குத்தான் ஏழு பேரைத் தேடினார்கள். ஸ்தேவான் அந்த மிச்ச வேலைக்கு வந்த ஆள். பிலிப்புவும் அப்படியே. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும், அடுத்த இரண்டு அதிகாரமும் இந்த இரண்டு பரிமாறுகிறவர்களைப் பற்றித்தான். இன்னொன்று: அந்த வேலைக்கு, பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களாய்ப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். சோறு போடுவதற்கு!

உங்கள் மாமியார் சாவி கொடுத்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பூட்டுக்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள்.

---

நைட்டிங்கேல்_அக்கா எழுதியது:

வெள்ளைத்துணி, நான் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்து ரிட்டயர்ட் ஆனவள். பெரும்பாலும் நைட் டியூட்டி. எழுந்திருக்க முடியாத நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்போம், இல்லாவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வந்துவிடும். சரியாகச் செய்தால் என்ன ஆகும் தெரியுமா? ஒன்றும் ஆகாது. புண் வராத முதுகைப் பார்த்து யாரும் "ஆகா" என்று சொன்னதில்லை. டாக்டர் ஆபரேஷன் பண்ணினால் வீட்டார் பழக்கூடையோடு வருவார்கள். புரட்டிப் படுக்க வைத்தவளுக்கு டிஸ்சார்ஜ் அன்றைக்கு ஒரு தலையாட்டல். உங்கள் வெள்ளைத் துணியும் அந்த ரகம்தான். கறை இருந்தால் சபையே பார்க்கும். இல்லாவிட்டால் யார் கண்ணிலும் படாது.

உங்களுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரை எல்லாருக்கும் தெரியும். அயர்லாந்திலிருந்து வந்தவர். டோனாவூருக்கு முன்னால் அவர் இருந்தது பண்ணைவிளையில், உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. அப்போது அவருக்கு வேலை பிரசங்க ஊழியம். நம்மூர்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்வார்கள். உங்கள் கன்வென்ஷனில் அவர் இருந்திருந்தால் முதல் பிரிவிலேயே எழுந்து நின்றிருப்பார். 1901-ல் இந்துக் கோயிலுக்குத் தேவதாசியாக நேர்ந்துவிடப்பட இருந்த பிரீனா என்ற சிறுமி தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொன்றாகக் குழந்தைகள், கைக்குழந்தைகள்கூட. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியுமா? வண்டிப் பயணம் குறைந்து நின்றது. இத்தனை பெரிய ஊழியத்தை விட்டுவிட்டு நான் ஆயாவாகிறது சரிதானா என்ற கேள்வி அவருக்கே வந்தது. உங்கள் கேள்விதான், வேறு வார்த்தையில். யோவான் 13-ல் ஆண்டவர் சீலையை (துண்டை) அரையில் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவின இடத்தில்தான் அவருக்குப் பதில் கிடைத்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி இல்லை, பொன்னம்மாளைப் பற்றி. இளம் வயதில் விதவையானவர், அந்த வண்டிக் கூட்டத்தில் ஒருவர். தாயில்லாத கைக்குழந்தைகள் உயிர் தங்காமல் தங்காமல் போனபோது, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும் என்று நெய்யூரில் ஒரு குழந்தை விடுதி வைத்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டவர் பொன்னம்மாள். பாலை அளந்து கலக்கிறது, ராத்திரி விழிக்கிறது, பீத்துணி அலசுகிறது. படித்த, கௌரவமான குடும்பத்துப் பெண்கள் அந்தத் துணியைத் தொடத் தயங்கின காலம். இவர் உபதேசம் பண்ணவில்லை, தானே உட்கார்ந்து அலசினார். மற்றவர்கள் பார்த்துப் பார்த்து வந்தார்கள். 1915-ல் புற்றுநோயில் இறந்தார். ஏமி அம்மையாருக்கு உலகம் முழுக்கப் பெயர். பொன்னம்மாள் பெயரை நம் திருமண்டலத்திலேயே (பேராயரின் கீழுள்ள சபைகளிலேயே) எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? அந்தக் குழந்தைகளில் உயிரோடு வளர்ந்து ஆளானவர்களுக்கு அந்தப் பெயர் போதும்.

ஏமி அம்மையாரும் கடைசிக் காலத்தில், 1931-ல் கீழே விழுந்த பிறகு, பெரும்பாலும் படுக்கைதான். 1951-ல் இறந்தபோது கல்லறையில் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள். களக்காடு பக்கம் போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.

உங்கள் மகளிடம் ஒன்று சொல்லுங்கள். லாண்டரிக்காரர் கறையை எடுத்துவிடுவார். அது எதனால் வந்த கறை என்று உங்களுக்குத் தெரியும்.

---

கடைசிபெஞ்ச் எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிப் பேசப் போகிறேன். திட்டாதீர்கள்.

எல்லாரும் அக்காவைத் தேற்றுகிறீர்கள், நல்லது. ஆனால் "தாழ்மையான ஊழியம்" என்ற பேச்சு எப்போதும் ஏற்கெனவே தாழ இருக்கிறவர்களிடம்தானே வருகிறது? எங்கள் சபையில் மணி அடிக்கிற அண்ணன் இருக்கிறார். அதிகாலை முதல் மணிக்கு எழுந்து வருவார், கோயிலைக் கூட்டுவார், கக்கூஸ் கழுவுவார், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர்களுக்கும் அவர்தான் துணை. அவருக்குக் கொடுக்கிற சம்பளத்தை இங்கே எழுதினால் சபைக்கு அவமானம். சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால் "கர்த்தர் உனக்குப் பலன் தருவார்" என்று கமிட்டியில் பதில். அதே கூட்டத்தில் சுற்றுச்சுவருக்கு டைல்ஸ் ஒட்ட லட்சக்கணக்கில் ஒப்புதல் ஆனது. கர்த்தர் பலன் தருவார், நீங்கள் சம்பளம் கொடுங்கள் என்று யாராவது சொல்ல வேண்டாமா?

அண்டாகிடாரம் அண்ணாச்சி, உங்கள் அசனத்தைப் பற்றியும் ஒன்று. எச்சில் இலை எடுக்க ஆள் இல்லை என்கிறீர்கள். கடைசியில் யாரோ எடுக்கத்தானே செய்கிறார்கள்? எந்தத் தெருப் பிள்ளைகள் எடுக்கிறார்கள் என்று உங்கள் நோட்டில் ஒரு வருஷம் எழுதிப் பாருங்கள்.

யோவான் 13-ல் கால் கழுவினது வேலைக்காரன் இல்லை. ஆண்டவரும் போதகருமானவர் கழுவினார். அப்புறம், நீங்களும் ஒருவருடைய கால்களை ஒருவர் கழுவக்கடவீர்கள் என்றார். ஒருத்தரே எல்லார் காலையும் காலம் முழுக்கக் கழுவ வேண்டும் என்று அங்கே இல்லை. பெரிய வியாழன் (புனித வெள்ளிக்கு முந்தின நாள்) அன்று ஐயர் பன்னிரண்டு பேர் காலைக் கழுவுகிறார், சரி. அந்தத் துண்டைத் துவைப்பது யார்?

அக்கா, உங்கள் மகள் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் காசு கொடுத்தால் ஊழியம் இல்லை என்று எப்படி ஆகும்? ஐயருக்கும் சம்பளம் உண்டு. கன்வென்ஷன் பிரசங்கியாருக்கும் கவர் போயிருக்கும். அவர்கள் செய்வது ஊழியம் என்றால், மணி அடிக்கிற அண்ணன் செய்வதும் ஊழியம், லாண்டரிக்காரர் மனது வைத்துச் செய்தால் அதுவும்தான். நீங்கள் செய்வது ஊழியமா என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அது ஏன் உங்களுக்கு மட்டும், உங்களுக்கு முன் உங்கள் மாமியாருக்கு மட்டும் என்றுதான் கேட்கிறேன்.

---

அண்டாகிடாரம் எழுதியது:

கடைசிபெஞ்ச் தம்பி, காரமாக இருந்தாலும் தப்பில்லை. யார் எடுக்கிறார்கள் என்று எனக்கு நோட்டுப் போடாமலே தெரியும், அதனால்தான் காரமாக இருக்கிறது. இந்த வருஷம் ஒன்று பண்ணலாம் என்று பார்க்கிறேன்: கறி வாளி தூக்குகிற பையன் முந்தின பந்தியில் இலை எடுத்திருக்க வேண்டும். இலை எடுக்காதவனுக்கு வாளி கிடையாது. சண்டை வரும். வரட்டும், கமிட்டியில் எனக்கு இழக்கப் பதவி ஒன்றும் இல்லை.

---

வெள்ளைத்துணி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஜெபவீரன் தம்பிக்கும்தான், நான் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்தேவான் மிச்ச வேலைக்கு வந்த ஆள் என்று வாசித்ததும் தையல் மெஷினை நிறுத்திவிட்டு அந்த அதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். எத்தனை தடவை வாசித்த இடம்! ஸ்தேவான் கல்லெறிபட்டுச் சாகிற இடம் வரைக்கும் ஓடிப்போய்விடுகிறோம், பந்தியில் நிற்பதில்லை. பொன்னம்மாள் கதையை என் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன். தாயில்லாப் பிள்ளைக்குப் பால் கலக்கிற கஷ்டத்தைப் பற்றி அவர்கள் அரை மணி நேரம் பேசினார்கள், கோயில் துணியை இரண்டு பேரும் மறந்தேபோனோம்.

கடைசிபெஞ்ச் தம்பி சொன்னது முதலில் எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் வேலையைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று தோன்றினது. சொன்னால் சிரிப்பீர்கள், அந்த அலமாரிச் சாவியை விட எனக்கு இஷ்டமில்லை. அப்போதுதான் இந்த வேலை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று விளங்கினது. மிச்சம் கிடந்ததோ, எடுத்துக்கொண்டதோ, இப்போது அது என்னுடையது. சனிக்கிழமை சாயங்காலம் அந்த அங்கியை இஸ்திரி போடும்போது, அதைப் போட்டுக்கொண்டு ஐயர் யாரையெல்லாம் அடக்கம் பண்ணினார், யாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்று மனசுக்குள் ஓடும். ஒவ்வொரு வீடாக ஜெபம் பண்ணிக்கொண்டே போவேன். வாய் திறந்து ஜெபிக்க வராத எனக்கு அது ஒன்றுதான் வருகிறது. மகளிடம் இதைத்தான் சொன்னேன். "அப்போ லாண்டரிக்காரர் வேண்டாம், ஒரு நல்ல ஸ்டீம் அயர்ன் பாக்ஸ் வாங்கி அனுப்புறேன்" என்றாள்.

ஆனாலும் தம்பி கேட்ட கேள்வி போகவில்லை. போன ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு ஐயரவர்களிடம் பேசினேன். திடப்படுத்தல் வகுப்புக்கு (நற்கருணை எடுக்கத் தயார்ப்படுத்துகிற வகுப்பு) வருகிற பிள்ளைகள், ஆண் பிள்ளைகளும் சேர்த்துத்தான், நற்கருணை ஞாயிறுகளில் முறைவைத்துக் கிண்ணம் கழுவ வரட்டும் என்றேன். நாலு பேர் முன்னால் இல்லை, அவர் ஒருவர்தான், அதனால் நாக்கு ஒட்டவில்லை. சரி என்றார். "நானும் ஒரு நாள் வாறேன்" என்றார். வந்தால் எழுதுகிறேன். எங்கள் சபையிலும் மணி அடிக்கிற அண்ணன் இருக்கிறார், அவர் சம்பள விஷயத்தைப் பெண்கள் சங்கத்தில் எடுக்கச் சொல்லி எங்கள் செயலாளர் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்குப் பேச வரும்.

பூட்டுக்கு எண்ணெய் விட்டேன் அண்ணாச்சி. தேங்காய் எண்ணெய் இல்லை, மெஷின் எண்ணெய்தான் கையில் இருந்தது.

---

கடைசிபெஞ்ச் எழுதியது:

நன்றி அக்கா. ஒரு சின்னச் சந்தேகம். நீங்கள் எழுதினதை வாசித்துவிட்டு, எங்கள் கோயில் அங்கியை இந்த வாரம் நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அங்கியின் கைப்பகுதியில் மெழுகுவர்த்தி ஒழுகி மெழுகு அப்பியிருக்கிறது. அம்மா வெந்நீரில் போடு என்கிறார்கள். போடலாமா?

---

வெள்ளைத்துணி எழுதியது:

போடாதீர்கள்! உருகி மற்ற இடத்துக்கும் பரவிவிடும். முதலில் காய்ந்த மெழுகை நகத்தால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். அப்புறம் துணிக்கு மேலும் கீழும் பழுப்புத் தாளை வைத்து, இஸ்திரிப் பெட்டியை அதிகம் சூடாக்காமல் லேசாக அழுத்துங்கள். மெழுகைத் தாள் குடித்துவிடும். தாளை மாற்றி மாற்றி வையுங்கள். அச்சடித்த பேப்பர் வேண்டாம், மை ஒட்டிக்கொள்ளும்.